பரலோகக் குடிகளும் வாக்காளர் பட்டியலும்

பக்தி மிகுந்தவர்களுக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமில்லை என்றோர் அபிப்பிராயம் நம்மிடையே நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. அதை எந்த மதத்தின் ஆசாரியரும் சூத்திரமாகச் செய்து வைக்கவில்லை. எந்தச் சபையும் கூடித் தீர்மானிக்கவில்லை. ஆயினும், ராமன் ஆண்டாலென்ன ராவணன் ஆண்டாலென்ன என்று திண்ணையில் சாய்ந்தபடி சொல்லும் சைவப் பெரியவரும், ‘நமக்கெதுக்குங்க அரசியல், ஜெபம் பண்ணுவோம், கர்த்தர் பார்த்துக்குவாரு’ என்று ஆராதனை முடிந்து வெளியே வரும் விசுவாசியும், வேதத்தாலும் வேஷத்தாலும் எவ்வளவு வேறுபட்டாலும், இந்த ஓர் இடத்தில் ஒருவரையொருவர் தழுவிக்கொள்கிறார்கள். மத ஒற்றுமைக்கு நம் நாட்டில் இத்தனை உறுதியான வேறொரு சான்று கிடைப்பது அரிது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மார்கழிப் பனியோடு கிறிஸ்துமஸ் வரும்போது இந்த அபிப்பிராயம் தனியொரு பொலிவு பெறுகிறது. வாசல்தோறும் காகித நட்சத்திரம் தொங்குகிறது. வைக்கோல் பரப்பிய குடிலில் களிமண் ஆடுகளும் மேய்ப்பர்களும் இடம் பிடிக்கிறார்கள். இரவில் கீத பவனி வீடு வீடாக வருகிறது. இடையே ஏதேனும் ஒரு கட்சியின் பிரமுகர் வெள்ளை வேட்டியோடு வந்து கேக் வெட்டி, மத நல்லிணக்கம் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போகிறார். அவர் காரில் ஏறியதும், ‘பண்டிகையிலும் அரசியலைக் கலக்கிறார்களே’ என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அந்தச் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சலிப்பினூடே, கிறிஸ்துமஸ் என்பது உள்ளத்தில் நிகழும் சமாதானம், தேர்தல் என்பது தெருவில் நிகழும் கூச்சல், ஒன்று புனிதம், மற்றது அழுக்கு, புனிதத்தை நாடுகிறவன் அழுக்கை விட்டு விலகி நிற்பதே முறை என்று ஒரு முடிவும் சந்தடியின்றி உள்ளே நுழைந்துவிடுகிறதே, அந்த முடிவைத்தான் நான் மறுக்கிறேன். அதைக் கிறிஸ்துமஸ் கதையைக் கொண்டே மறுக்கலாம் என்பது என் துணிவு.

அந்தக் கதை தேவதூதரின் பாட்டோடு தொடங்குகிறது என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அது ஓர் அரசாங்க உத்தரவோடு தொடங்குகிறது. உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்பட வேண்டுமென்று அகுஸ்து ராயன் கட்டளையிட்டான். அவனவன் தன் தன் ஊருக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டியதாயிற்று. அதனாலேயே நாசரேத்தூர்த் தச்சன் நிறைமாதக் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு பெத்லகேமுக்கு நடந்தான். அங்கே சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. சரித்திர ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒரு சிக்கல் காண்கிறார்கள். தேசாதிபதி சிரேனியு நடத்திய குடிமதிப்பு கி.பி. 6-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்றும், ஏரோது ராஜா அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே, கி.மு. 4-இல், இறந்துபோனான் என்றும், இரண்டும் ஒரே பிறப்பின் கதையில் பொருந்தா என்றும் அவர்கள் சொல்வது தக்க காரணமுள்ள வாதமே. அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடலாம். நமக்கு வேண்டிய வினா வேறு: தேவகுமாரனின் பிறப்பைச் சொல்ல வந்த ஒருவர், ராயனின் பெயரையும் தேசாதிபதியின் பெயரையும் சர்க்கார் பதிவேட்டையும் முன்னால் நிறுத்துவானேன்? அந்தப் பிறப்பு மேகத்தில் நடக்கவில்லை, ஆட்சிக்குள் நடந்தது, ஒரு கட்டளையால் அலைக்கழிக்கப்பட்ட ஏழைக் குடும்பத்தில் நடந்தது என்று காட்டுவதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் எனக்குத் தெரியவில்லை. மரியாளின் வாயில் அவர் வைத்த துதிப்பாடலோ, வல்லவர்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுவதையும் பசித்தவர்கள் நிறைவதையும் பாடுகிறது. அதை ஆராதனையில் இனிய ராகத்தில் பாடிவிட்டு, ஆசனங்களைப் பற்றி நமக்கென்ன கவலை என்று வீடு திரும்புகிறவர்களின் மனத்திட்பத்தை வியக்கத்தான் வேண்டும்.

ராயன் குடிகளை எண்ணியது அன்பினால் அன்று. வரி வாங்குவதற்கு எண்ணினான். அந்த எண்ணிக்கையை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்தான் என்ற செய்தி வேதத்திலேயே இருக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறுவது என்பது அக்காலத்து ஏழைக்குச் சுமை. ஒரு போதும் உரிமையன்று. நம்முடைய வாக்காளர் பட்டியலும் ஒரு பதிவேடுதான். அதற்கும் சர்க்கார் ஆள்தான் வீட்டுக்கு வந்து பெயர் எழுதுகிறார். ஆனால் அதன் திசை நேர்மாறானது. அங்கே ராயன் குடிகளை எண்ணினான். இங்கே பெயர் பதிந்த குடிகள் ஒருநாள் கூடி நின்று, ராயன் இருப்பதா போவதா என்பதை எண்ணுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு மனித சரித்திரத்தில் ஏழைக்கு நேர்ந்த மாறுதல்களில் இதைவிடப் பெரியது ஒன்றிரண்டு இருக்கலாம், பல இரா.

இந்த மாறுதல் தானாக வந்ததுமன்று. வெள்ளையர் ஆட்சியில் நிலமும் வரியும் கல்வித் தகுதியும் உடையவர்க்கே வாக்கு. சென்னை மாகாணச் சட்டசபை 1921-இல் பெண்களுக்கும் அந்த உரிமையைத் தர இசைந்தபோது, இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. அப்போதும் சொத்துத் தகுதி விலகவில்லை. அரசியலமைப்பின் 326-ஆம் விதிதான் வயது ஒன்றையே தகுதியாக்கி, கூலிக்காரனையும் பண்ணையாரையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதிற்று. அந்த முதற்பட்டியலைத் தயாரித்தபோது வடமாகாணங்களில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதச் சொன்னார்கள். தேர்தல் கமிஷனராயிருந்த சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவுகளை நீக்கும்படி செய்தார். கடுமையான செயல்தான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்களில் பலருக்குப் பெயர் வந்தது.

இனித் திண்டிவனத்துக்கு வருவோம். ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த அமெரிக்க வைத்தியர் ஜான் ஸ்கடர் அவ்வூர் மிஷன் பங்களாவில் வசித்த காலம், 1890-களின் தொடக்கம். அவருடைய மகள் ஐடா, மிஷன் வாழ்க்கையில் சிறிதும் விருப்பமில்லாதவள், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்து தங்கியிருந்தாள். ஓரிரவு ஒரு பிராமணர் கதவைத் தட்டினார்: தம் இளம் மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும். தகப்பனார் வைத்தியர், அவரை அழைத்துப் போங்கள் என்றாள் ஐடா. வந்தவர் மறுத்தார், அன்னிய ஆடவர் தம் வீட்டு ஸ்திரீயைத் தீண்டுவது கூடாது. சற்றுப் பொறுத்து ஒரு முஸ்லிம் வந்தார்; அதே விண்ணப்பம், அதே மறுப்பு. மூன்றாமவர் மேற்குலத்து ஹிந்து ஒருவர், அவரும் அவ்வாறே. மூவரும் அந்தப் பெண்ணைத்தான் அழைத்தார்கள். அவளுக்கோ வைத்தியம் தெரியாது. இரவெல்லாம் அவள் உறங்கவில்லை, ஜெபித்தாள் என்று அவளுடைய சரித்திரம் எழுதினோர் சொல்கிறார்கள். விடியற்காலையில் தெருவில் சாவுமேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தாள், மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தச் சம்பவம் நம் தேவாலயங்களில் பன்முறை பிரசங்கிக்கப்பட்டிருக்கிறது. தியாகத்துக்கு உதாரணமாகவே பிரசங்கிக்கப்பட்டிருக்கிறது. ஐடா அமெரிக்கா சென்று வைத்தியம் படித்து, 1899-இல் பட்டம் பெற்றுத் திரும்பி, வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியசாலை தொடங்கியதும், அதுவே இன்று உலகறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் நான் அந்த இரவை வேறு கோணத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். அந்த மூன்று வீடுகளிலும் தெய்வ நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஒரு வீட்டில் காயத்ரி, ஒரு வீட்டில் துவா, ஒரு வீட்டில் குலதெய்வத்துக்கு முடிபோட்ட மஞ்சள் துணி. மிஷன் பங்களாவிலோ ஜெபம். இல்லாதது ஒன்றே: அந்த ஊரில் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண். அவளை ஏற்படுத்துவது யாருடைய கடமை என்று கேட்கும் உரிமை, செத்துப்போன அந்த மூவருக்கும் இல்லை. அவர்களுடைய தாய்மார்களுக்கும் இல்லை. அன்று திண்டிவனம் தாலுகாவில் வாக்குரிமையுள்ள பெண் ஒருத்திகூடக் கிடையாது. சத்திரத்தில் இடமில்லாமல் ஒரு பெண் பிரசவித்த கதையை ஆண்டுதோறும் கொண்டாடுகிறவர்கள், தம் தாலுகாவில் வைத்தியமில்லாமல் செத்த மூன்று பெண்களின் கதையை அதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டாமா?

இன்று அதே வட்டாரத்தில் நள்ளிரவில் வலி கண்ட பெண்ணுக்கு 108 வண்டி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸுகள் முறைவைத்து இரவும் பகலும் இருக்கிறார்கள். அங்கே முடியாவிட்டால் திண்டிவனம் அரசு மருத்துவமனை, அதற்கும் மேல் 2010-இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அமைந்த திட்டத்தில் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் உதவியும் உண்டு. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. ஐடா ஸ்கடர் ஒருவரால் இது ஆகியிருக்குமா? வேலூருக்கு அவர் உயிரைக் கொடுத்தார். ஆனால் ஒலக்கூரிலும் மயிலத்திலும் மரக்காணத்திலும் இரவு பன்னிரண்டு மணிக்கு விளக்கெரியும் பிரசவ அறை, வரிப்பணத்தால் கட்டப்பட்டது. அந்த வரிப்பணத்தை இதற்குச் செலவிடு என்று சொல்லும் நிர்ப்பந்தம், ஐந்தாண்டுக்கொரு முறை விரலில் மை வைத்துக்கொண்ட பெண்களிடமிருந்து வந்தது. கட்சிகள் கருணையால் கொடுத்தன என்று நம்புகிறவர்கள், பெண்களுக்கு வாக்கில்லாத காலத்தில் அந்தக் கருணை எங்கே ஒளிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு மறுமொழியாக, ராயனுடையதை ராயனுக்குக் கொடுத்துவிட்டு தேவனுடையதைத் தேவனுக்குக் கொடுங்கள் என்னும் இயேசுவின் வாக்கை எடுத்துக்காட்டுவார்கள். நம் குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறது என்று பவுல் எழுதியதையும் எடுத்துக்காட்டுவார்கள். முதலாவது, வரி கட்டலாமா என்ற கேள்விக்கு அளித்த விடை. தன்னை ஆள்வோனைத் தானே நியமிக்கும் பிரஜைக்கு அளித்த விடையன்று. குடியரசில் ராயனுடைய நாற்காலியின் ஒரு காலேனும் நம்முடையது. அதை நாம் யாரிடம் கொடுத்துவிட்டு விலகி நிற்பது? இரண்டாவது வாதம் இன்னும் வேடிக்கையானது. பரலோகக் குடியுரிமை பற்றிய அந்த வாக்கியத்தைப் பவுல் எழுதியது பிலிப்பி பட்டணத்தாருக்கு. அதே பிலிப்பியில் அவரை அதிகாரிகள் விசாரணையின்றி அடித்துச் சிறையில் தள்ளி, மறுநாள் சந்தடியில்லாமல் போய்விடும்படி சொல்லியனுப்பியபோது, பவுல் என்ன செய்தார்? நாங்கள் ரோமக் குடிகள். எங்களை வெளியரங்கமாக அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் பயந்து நேரில் வந்து சமாதானம் சொன்னார்கள். பின்னர் எருசலேமில் சாட்டையடியிலிருந்து தப்பியதும், செசரியாவில் ராயனிடமே முறையிட்டதும் அதே உரிமையைக் கொண்டுதான். பரலோகத்துப் பிரஜை என்பதால் பூலோகத்து உரிமைச் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய நிருபத்தை மட்டும் வாசித்து அப்போஸ்தலர் நடபடிகளை வாசியாமல் விடுவது, பக்தி ஆகாது, சௌகரியம்.

நம் சைவ வைணவ அன்பர்கள் சிரித்துக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டாம்; அவர்களுக்கும் திண்டிவனமே சாட்சி சொல்கிறது. அவ்வூருக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார், ரமண மகரிஷியிடத்தும் வள்ளலாரிடத்தும் ஈடுபாடு கொண்டவர்; பதவியை விட்ட பிறகு வடலூரில் சன்மார்க்கப் பணிக்கே தம்மை ஒப்புவித்தவர். பக்தரென்றால் அவரைவிடப் பக்தர் யார்? அவர் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்த காலத்தில்தான் ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் நிறைவேறின. அரசியல் அழுக்கு என்று அவர் ஓமந்தூர் வயல்வரப்பிலேயே தியானம் செய்துகொண்டிருந்தால், கோயிலுக்கு வெளியே நின்றவர்களுக்காக வேறொருவர் பிறந்து வர வேண்டியிருந்திருக்கும்.

வாக்களிக்காமல் இருப்பவர்கள் யார் என்று பார்த்தாலும் இந்த அபிப்பிராயத்தின் சுபாவம் விளங்கும். ஏழைகள் அதை நம்புவதில்லை. 2024 ஜூலையில் விக்கிரவாண்டியில் இடைத்தேர்தல் வந்தபோது, அண்ணா தி.மு.க. அதைப் புறக்கணித்தது, ஜனங்கள் புறக்கணிக்கவில்லை, நூற்றுக்கு 82-க்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த மக்களவைத் தேர்தலில் விழுப்புரத்தில் ஏறத்தாழ 76 விழுக்காடு. கல்வியும் சம்பளமும் கார்களும் நிறைந்த மத்திய சென்னையில் ஏறத்தாழ 54. கரும்பு வெட்டுகிறவளுக்கு அரசு ஆஸ்பத்திரி வேண்டும். அவள் வெயிலில் நிற்கிறாள். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவருக்கு அது வேண்டாம். ‘எல்லாரும் திருடர்கள்’ என்று அவர் ஒரு தத்துவம் சொல்லிவிட்டு விடுமுறையைக் கழிக்கிறார். அதற்கு ஆன்மிகம் என்ற மேற்பூச்சு வேறு. பணம் புரளும் இடத்தில் பரிசுத்தவானுக்கு என்ன வேலை என்று அவர் கேட்பார். பணம் புரள்வது உண்மைதான்: சென்னை ஆர்.கே. நகரில் பணப் பட்டுவாடா காரணமாகவே 2017 ஏப்ரலில் இடைத்தேர்தல் ரத்தாகி, டிசம்பர் 21-இல் மீண்டும் நடந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் வாக்குகள் எண்ணப்பட்டன. ஆனால் பணம் வாங்காதவன் வீட்டிலிருந்தால், வாங்கினவன் வாக்கின் எடை கூடுகிறதேயொழிய, தேர்தல் சுத்தமாகிவிடுவதில்லை.

2019-ஆம் ஆண்டு ஒரு விசித்திரம் நேர்ந்தது. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலுக்குக் குறித்த ஏப்ரல் 18, பெரிய வியாழன். சபைகளின் பள்ளிக்கூடங்களே பல இடங்களில் வாக்குச்சாவடிகள். அன்று மாலை பாதம் கழுவும் சடங்கு. ஆகவே தேதியை மாற்ற வேண்டுமென்று கிறிஸ்தவ அமைப்புகள் மன்றாடின, வழக்கும் தொடுத்தன. தேதி மாறவில்லை. சித்திரைத் திருவிழாவை முன்னிட்டு மதுரைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. கேட்டவர்களின் கோரிக்கை நியாயமானதே. பண்டிகை நாளைத் தேர்தலுக்குக் குறிப்பது ஆட்சியாளரின் அசிரத்தை. ஆனால் அந்த வழக்கில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறு: வாக்களிப்பதும் வேண்டும், வழிபடுவதும் வேண்டும் என்று அவர்கள் இரண்டையும் ஒரே நாளின் தேவைகளாகக் கேட்டார்கள். இரண்டில் ஒன்று அசுத்தமென்றால் வழக்கே எழுந்திராது. அன்று காலையில் வாக்களித்து மாலையில் மண்டியிட்டவர்கள் பலர். அவர்களில் எவருடைய ஜெபமும் தீட்டுப்பட்டதாகக் கேள்வியில்லை.

அப்படியானால் பாதிரியார் பீடத்திலிருந்து சின்னத்தைச் சொல்லிவிடலாமே என்று ஒருவர் மடக்கக் கூடும். கூடாது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி ஊழல் நடத்தை; 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அதன் எல்லையை இன்னும் விரித்தது. வாக்களி என்பது வேறு, இன்னாருக்கு வாக்களி என்பது வேறு. முன்னது மனச்சாட்சியை எழுப்புவது; பின்னது அதை வாடகைக்கு எடுப்பது. கிறிஸ்தவ வோட்டு, வன்னியர் வோட்டு, தலித் வோட்டு என்று கட்சிக்காரர்கள் மூட்டை கட்டிப் பேசும் இந்த மாவட்டத்தில், மூட்டைக்குள் கிடக்கச் சம்மதித்தவர்களும் வாக்கின் பொருளை அறியாதவர்களே. நம் முன்னோரில் அறிந்தவர்கள் இருந்தார்கள். 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதிகள் இருந்தன. அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினருக்கான குழுவுக்குத் தலைமை வகித்த ஹெச்.சி. முகர்ஜியும், சென்னை லயோலா கல்லூரியின் ஜெரோம் டிசோசா அடிகளாரும் கிறிஸ்தவர்கள். எங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டாம், எல்லாரோடும் ஒரே பட்டியலில் நிற்கிறோம் என்ற முடிவுக்கு அவர்கள் இசைந்தார்கள். பொதுவாக்கின்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கையின் பேரில்தான் ஒரு சமூகத்தின் பாதுகாப்பே விடப்பட்டது. அந்த வாக்கைப் போடாமலிருப்பது, முன்னோர் ஈடு வைத்த நகையை மீட்காமல் மூழ்கவிடுவது போன்றது.

இன்னும் ஒன்று. கிறிஸ்துமஸுக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமில்லை என்று நாம் சொல்லலாம். சர்க்கார் அப்படிச் சொல்வதில்லை. விழுப்புரம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. திண்டிவனமும் வானூரும் சட்டமன்றத் தனித்தொகுதிகள். 1950-ஆம் ஆண்டு பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணை, பெரும்பாலும் ஹிந்துக்களை மட்டுமே அந்தப் பட்டியலில் வைத்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. ஆகவே திண்டிவனத்துச் சேரியில் பிறந்த ஒருவர், டிசம்பர் 25-ஆம் நாள் தாம் மண்டியிடும் இடத்தை ஒளிக்காமல் சொன்னால், அத்தொகுதியில் வாக்களிக்கலாம், நிற்க முடியாது. ஊர் அவரைச் சேரிக்காரர் என்றே அறியும்; சட்டம் மட்டும் அறியாது. இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-இல் கமிஷன் அமைந்தது. இவ்விஷயத்தில் முடிவெடுப்பது நாடாளுமன்றம். நாடாளுமன்றத்தை அமைப்பது வாக்கு. ஜெபத்தால் மட்டும் இந்த ஆணை திருந்துமென்றால், எழுபத்தைந்து வருஷத்து ஜெபத்தில் திருந்தியிருக்க வேண்டும்.

சட்டத்தைச் சொல்லிவிட்டுச் சபையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எறையூர் என்னும் ஊர் 2008-இல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது; இப்போது கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. வன்னியரும் தலித்துகளும் ஒரே கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர்களாயிருந்த அவ்வூரில், சவ ஊர்வலம் எந்த வழியே போவது என்பதில்கூட வேற்றுமை இருந்தது. தலித் மக்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-ஆம் நாள் அவர்களுடைய தெரு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு பேர் மாண்டார்கள். ஒரே குடிலின் முன்னால் கும்பிடுகிறவர்கள்! வாக்குச்சாவடியைப் பாருங்கள். அங்கே ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சாதிக்கொரு வரிசை சட்டத்தில் இல்லை. மேல்தெருக்காரரின் இடக்கை ஆள்காட்டி விரலில் பூசிய குச்சியை அதே மைப்புட்டியில் தோய்த்துத்தான் காலனிக்காரரின் விரலிலும் பூசுகிறார்கள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பொத்தானை அழுத்தினால் எழும் ஒலி இருவருக்கும் ஒன்றே. கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்து விழும் சீட்டும் ஒன்றே. சாதி வெளியே காத்துக்கொண்டிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் எறையூர்த் தேவாலயம் தரத் தவறிய சமத்துவத்தை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை ஒருநாளைக்காவது தந்தது. இவ்விரண்டில் பெத்லகேமின் தொழுவத்துக்கு எது அருகில் இருந்தது என்று இறையியலார் யோசித்துச் சொல்லட்டும்.

இவ்வளவும் எழுதக் காரணம், 2025 கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னதாக, டிசம்பர் 19-இல், தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளிவந்ததுதான். சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் முதற்கட்ட முடிவில் 6 கோடியே 41 லட்சம் பெயர்கள் 5 கோடியே 43 லட்சமாயின. 97 லட்சத்துக்கு மேல் நீக்கம். இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம், இரட்டைப் பதிவுகள் சுமார் 4 லட்சம். மீதி 66 லட்சம், குடிபெயர்ந்தோர் அல்லது முகவரியில் இல்லாதோர். செத்தவர் பெயரை நீக்குவதில் யாருக்கும் மாறுபாடில்லை. பழைய பட்டியல்களில் அவர்கள் வாக்களித்த அதிசயங்களும் நாம் அறிந்தவையே. ஆனால் இந்த 66 லட்சத்தில், உண்மையாகவே வேறிடத்தில் பெயர் சேர்த்துக்கொண்டவர் எத்தனை, செங்கல் சூளைக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் போயிருந்ததால் படிவம் வந்த நாளில் கதவு பூட்டிக் கிடந்தவர் எத்தனை? விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் பிழைப்புக்காக வெளியூர் போகாத தெரு ஏது? கர்ப்பிணி மனைவியோடு வழியில் இருந்த நாசரேத்தூர்த் தச்சனின் வீட்டுக்கு அந்த வாரத்தில் ஒரு பூத் அலுவலர் வந்திருந்தால், அவன் பெயருக்கு நேரே என்ன குறித்திருப்பார்?

மறுபடி சேர்வதற்கு ஆறாம் எண் படிவம் இருக்கிறது. வரைவு வெளிவந்தபோது ஒரு மாத அவகாசமும் அறிவித்தார்கள். அந்த மாதத்துக்குள் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் பொங்கலும் வந்துவிட்டன. வெளியூர் போனவர்கள் ஊர் திரும்புவதும் அப்போதுதான். நள்ளிரவு ஆராதனைக்கு வருகிறவர்களின் பெயர்களைப் பட்டியலோடு ஒத்துப்பார்க்க, நாலு இளைஞர்களும் ஒரு மேசையும் இரண்டு பேனாவும் போதும். கட்சிப்பெயர் உச்சரிக்கத் தேவையில்லை, சட்டமும் குறுக்கே நிற்காது. கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசல் திண்ணையிலும் இதையே செய்யலாம். சபையின் அறிவிப்புப் பலகையில் கட்டட நிதிக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற ஜாபிதா இப்போதும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதைச் சற்றே நகர்த்தினால் பக்கத்தில் பாகவாரியான வாக்காளர் பட்டியலையும் ஒட்டலாம். நகர்த்துவதற்கு மட்டும் சபைக் கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டியிருக்குமோ என்னவோ.